ஒரு கண்ணாடி உடைந்தால் நான்கையும் கழற்ற வேண்டுமா?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தெருவைப் பார்த்த முன்னறை. தேக்கு ஜன்னல், உள்ளே இரும்புக் கம்பி. ஜன்னல் கதவின் மேல் பாதியில் நான்கு கண்ணாடிச் சதுரங்கள். சாதாரணக் கண்ணாடி இல்லை, பூப்போட்ட கண்ணாடி. வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் உள்ளே இருப்பவர் யார் என்று தெருவுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. தெருவில் கிரிக்கெட். அதற்கு மேல் சொல்லவே வேண்டாம்! நான்கில் ஒன்று போய்விட்டது. அடித்தவனையும் காணோம் (இது உலகப் பொது வழக்கம்).

பேரன் உடைந்த சில்லைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறான். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "இந்த டிசைன் எல்லாம் இப்ப வர்றதில்ல தம்பி. நாலையும் எடுத்துட்டுப் புதுசாப் போட்டுடுங்க. ஒரே மாதிரி பளிச்சுன்னு இருக்கும்." வீட்டுக்கு வந்து சொன்னால் பாட்டி கேட்கிறார்: "மூணு நல்லாத்தானேடா இருக்கு? அதை எதுக்குக் கழட்டணும்?"

இந்தக் கட்டுரை பாட்டியின் கட்சி.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டிசைன் உண்மையிலேயே வருவதில்லை. அதற்குக் காரணம் கண்ணாடி செய்யும் முறையில் இருக்கிறது. இன்று ஜன்னலுக்குப் போடும் வழவழப்பான கண்ணாடி பெரும்பாலும் 'ஃப்ளோட்' முறையில் செய்வது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால் இரண்டு பக்கமும் மட்டமாக வந்துவிடும். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை இது. ஸ்ரீபெரும்புதூரில் 2000இல் தொடங்கிய செயின்ட் கோபெய்ன் ஆலையும் இதே முறைதான். மிதக்கும் கண்ணாடியில் பூ வராது. பூ வேண்டுமென்றால் சூடாக இருக்கும்போதே இரும்பு உருளைகளுக்கு நடுவே அதை அழுத்தி எடுக்க வேண்டும். உருளையில் என்ன செதுக்கியிருக்கிறதோ அது கண்ணாடியில் பதியும். கிட்டத்தட்ட முறுக்கு அச்சு போலத்தான்!

உருட்டிய கண்ணாடிக்கு 1847இல் சுந்தர்லாந்தின் ஜேம்ஸ் ஹார்ட்லி காப்புரிமை வாங்கினார். 1890 வாக்கில் பர்மிங்காம் அருகே ஸ்மெத்விக்கில் இருந்த சான்ஸ் சகோதரர்கள் நிறுவனம் இரட்டை உருளை வைத்து விதவிதமான பூக்களைப் பதிக்கத் தொடங்கியது. 1851இல் லண்டன் படிக மாளிகைக்குக் கண்ணாடி கொடுத்த அதே நிறுவனம்தான். அந்த ஸ்மெத்விக் ஆலை 1981இல் மூடப்பட்டது. ஆலை மூடினால் உருளை பழைய இரும்புக்குப் போகும். உருளை போனால் அந்தப் பூவும் போனது. மூடாத ஆலையிலும் உருளை தேயும், அதை மறுபடி செதுக்குவார்கள். அதனால் ஒரே பெயருள்ள டிசைன்கூட இருபது வருட இடைவெளியில் ஆழம் மாறி வரும். 'அதே மாதிரி' கிடைப்பது குதிரைக் கொம்பு என்பது இதனால்தான்.

இந்தக் கண்ணாடி எல்லாம் தர்மபுரிக்கு எப்படி வந்தது? பூப்போட்ட கண்ணாடியில் யார் செய்தது என்று எழுதியிருக்காது. அதே வீட்டின் மங்களூர் ஓட்டைத் திருப்பினால் ஆலையின் பெயர் இருக்கும், சில ஓடுகளில் 1865 என்ற வருடமும் இருக்கும் (அது பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கிய வருடம், உங்கள் வீடு கட்டிய வருடம் இல்லை. ஏமாந்துவிடாதீர்கள்). கண்ணாடி மட்டும் ஊமை. ஆனால் வழியை ஓரளவு ஊகிக்கலாம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் குறுகிய ரயில் பாதை வந்தது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941இல் மூடப்பட்டது. துறைமுகத்தில் இறங்கிய கண்ணாடிப் பெட்டிகள் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு அந்தச் சின்ன ரயிலில் வந்திருக்கலாம். கடைசி மைல் மாட்டு வண்டியாக இருந்திருக்கும். அந்த ரோட்டில் உடையாமல் வந்ததே பெரிய விஷயம்!

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஜன்னல் கண்ணாடி அனுப்பிய நாடுகளில் பெல்ஜியம் முக்கியமானது. அதனால்தான் இன்று பழைய சாமான் கடைகளில் எதைக் காட்டினாலும் 'பெல்ஜியம் கண்ணாடி சார்' என்கிறார்கள். 1960களில் போட்ட ஜன்னலின் கண்ணாடி இந்தியாவிலேயே செய்ததாகவும் இருக்கலாம். பெல்ஜியம் என்ற பெயருக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சரி, நான்கையும் மாற்றினால் என்ன குடி முழுகிவிடும்? அழகு போகும், பழமை போகும் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். அதைவிட நேரடியான காரணம் ஒன்று இருக்கிறது: இரவு.

பகலில் எந்தப் பூக் கண்ணாடியும் மறைக்கும், ஏனென்றால் வெளியேதான் வெளிச்சம் அதிகம். இரவில் உள்ளே டியூப் லைட் போட்டால் கதை தலைகீழ். அப்போது கண்ணாடியின் மேடு பள்ளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு நெருக்கம் என்பதுதான் தெருவில் போகிறவருக்கு என்ன தெரியும் என்பதை முடிவு செய்கிறது. பழைய ஆழமான பூவில் ஒரு நிழல் அசைவது மட்டும் தெரியும். மெல்லிய புது டிசைனில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன புடவை என்பது வரைக்கும் தெரியலாம். முன்னறையில் தனியாகப் படுக்கும் பாட்டிக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை. நான்கையும் மாற்றிய பிறகு திரைச்சீலை போட வேண்டி வரும். திரைச்சீலை போட்டால் காற்றும் பாதி, வெளிச்சமும் பாதி. இரண்டாயிரம் ரூபாய் செலவழித்து ஜன்னலைச் சுவராக்கிய கதைதான்.

இன்னொன்று, கழற்றும்போது நடப்பது. பழைய மக்கு கல்லாக இறுகியிருக்கும். உளியும் சுத்தியும் வைத்துத் தட்டினால் நல்ல கண்ணாடியும் உடையலாம். அவ்வளவோடு நிற்காது. கண்ணாடி உட்காரும் காடி, பழைய கண்ணாடியின் கனத்துக்கு இழைத்தது. அது சுமார் 3 மில்லிமீட்டர். புதிதாக 5 மில்லிமீட்டர் கண்ணாடி வாங்கி வந்துவிட்டு, காடியை அகலப்படுத்துகிறேன் என்று ஆசாரி சட்டத்தைச் செதுக்குவார். சட்டம் மெலியும், கண்ணாடி கனக்கும், இரண்டு மழைக்காலத்தில் கதவு தொங்கும். பிறகு, 'பழைய ஜன்னல்னாலே இப்படித்தான், அலுமினியம் போட்டுடலாம்' என்பார்கள். ஒரு கிரிக்கெட் பந்து ஒரு தேக்கு ஜன்னலையே கொல்வது இப்படித்தான்!

ஆக, மூன்றைத் தொடாமல் ஒன்றுக்கு மட்டும் வழி தேட வேண்டும். அதற்கு முதல் வேலை கடைக்குப் போவது இல்லை, சில்லைப் படிப்பது.

உடைந்த துண்டுகளில் பெரியதை எடுத்துக் கழுவுங்கள் (கையுறை போட்டுக்கொண்டு). மேடு பள்ளம் உள்ள பக்கத்தில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். சின்ன வயதில் ஒரு ரூபாய் நாணயத்தை இப்படி எடுத்திருப்பீர்களே, அதேதான். பூ அப்படியே தாளில் வந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை மேடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். செல்போனில் நேராக எடுத்த படத்தில் பூக் கண்ணாடி வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து எடுத்தால்தான் ஆழம் தெரியும். அதோடு இந்தப் பென்சில் தாளையும் வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கடையிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு விளிம்பை வெள்ளைத் தாள் மேல் வைத்து நிறம் பாருங்கள். கண்ணாடி மணலில் இரும்பு இருப்பதால் பச்சை அடிக்கும். அந்தப் பச்சையைப் போக்கப் பழைய ஆலைகள் சிலவற்றில் மாங்கனீசு சேர்த்தார்கள். பல வருட வெயிலில் அது லேசான ஊதாவாக மாறும். உங்கள் சில்லில் மெல்லிய ஊதா தெரிந்தால் கடையில் அதற்கு ஜோடி கிடைக்காது என்று இப்போதே முடிவு கட்டிவிடலாம், அலைச்சல் மிச்சம். இன்னொரு வேடிக்கை: உருளையில் அழுத்தும் பழைய தொழில் சாகவில்லை, சூரிய மின்தகடுகளின் மேல் இருப்பது அப்படிச் செய்த கண்ணாடிதான். அதைப் போட்டால் என்ன என்று யாராவது யோசனை சொல்லலாம். இரும்பு குறைந்த கண்ணாடி அது. பழைய மூன்றுக்கு நடுவே பல் கட்டியதுபோல் வெள்ளையாக நிற்கும்.

கனத்தை இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய கண்ணாடி ஒரே கனமாக இருக்காது. 'கண்ணாடி மெல்ல வழியும், அதனால்தான் பழசில் கீழே தடிப்பு' என்று பள்ளியில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை. சாதாரண வெப்பத்தில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும்படி வழிய பிரபஞ்சத்தின் வயதே போதாது என்று 1998இல் பிரேசிலைச் சேர்ந்த எட்கர் சனோட்டோ கணக்குப் போட்டுக் காட்டினார். தடிப்பு, செய்யும்போதே வந்தது.

சில்லைப் படித்தாயிற்று. இனி எங்கே தேடுவது? முதலில் அதே வீட்டில்! இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே வீட்டுக்கு ஒரே சமயத்தில் வாங்கிய கண்ணாடி பின்கட்டு ஜன்னலில் இருக்கும், கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டரில் இருக்கும், குளியலறையில் இருக்கும். அங்கிருந்து ஒன்றைப் பக்குவமாகக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுவந்தால் நிறம், பூ, வயது எல்லாம் பொருந்தும். பின்கட்டில் காலியான இடத்துக்கு இன்று கடையில் கிடைக்கும் 'பின்ஹெட்' கண்ணாடி போதும். குண்டூசித் தலை போலப் புள்ளி புள்ளியாக இருக்குமே, அதுதான். வீட்டுக்குள்ளேயே கடன் வாங்கி வீட்டுக்குள்ளேயே அடைப்பது.

அடுத்தது இடிக்கிற வீடுகள். சேலம் ரோட்டில் போனாலும் சரி, பாலக்கோட்டுப் பக்கம் போனாலும் சரி, பழைய ஓட்டு வீடு இடிபடும் காட்சி புதிதில்லை. இடிக்கும்போது தேக்குக்கு விலை உண்டு, ஓட்டுக்கு விலை உண்டு, கம்பிக்கும் உண்டு. பூக் கண்ணாடிக்கு மட்டும் விலை இல்லை. அதனால் மரத்தை எடுக்க வசதியாக முதலில் அதைத்தான் தட்டி உதிர்க்கிறார்கள். யாருக்கும் கோபம் வராத சின்ன அநியாயம் இது. ஒரு வீடு இடியும்போது பக்கத்துத் தெருக்காரர் போய், "அண்ணா, அந்தக் கண்ணாடிக் கதவை அப்படியே கொடுத்துடுங்க, மரத்துக்கு என்ன விலையோ நான் தர்றேன்" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பணம் இருப்பவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், வண்ணக் கண்ணாடி எல்லாம் அங்கே பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். ஆனால் அங்கே விற்பனை நன்றாக நடந்தால் இன்னொரு வீட்டைப் பிரிக்க ஆசை வராதா என்ற கேள்வியும் இருக்கிறது. ஒரு சதுரக் கண்ணாடிக்காக அவ்வளவு தூரம் போவதைவிட, அடுத்த தெரு இடிபாட்டில் வீணாகப் போவதை எடுப்பதே மேல்.

எதுவும் கிடைக்கவில்லையா? பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களில் சூளையில் வைத்துக் கண்ணாடியை அச்சில் படிய வைக்கும் சிறு பட்டறைகள் உண்டு. நல்ல சில்லிலிருந்து அச்செடுத்துச் செய்யலாம். செலவு அதிகம், பூவும் கொஞ்சம் மழுங்கித்தான் வரும். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ சரி, பாட்டி வீட்டுக்கு வேண்டாம். ரெசினில் வார்த்துத் தருகிறேன் என்றால் இன்னும் வேண்டாம். நம்மூர் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

கண்ணாடி உதிராமல் ஒரே கோடாக விரிசல் மட்டும் விட்டிருந்தால் எதையுமே மாற்ற வேண்டாம். கண்ணாடிக்கான எபாக்ஸி பசையைக் கோட்டில் இறக்கி விட்டுவிடலாம். பூவுக்குள் அந்தக் கோடு அவ்வளவாகத் தெரியாது.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. 'இது என்ன சென்னை கன்னிமாரா நூலகமா, சிசோம் கட்டிய செனட் ஹவுஸா, இவ்வளவு பார்க்க?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1896இல் திறந்த கன்னிமாராவின் வண்ணக் கண்ணாடிக்கு என்ன ஆனாலும் கேட்க ஆள் இருக்கிறார்கள், செய்தித்தாளில் வரும். தர்மபுரியின் ஓட்டு வீடுகளைப் பற்றி யாரும் பட்டியல் போடுவதில்லை. அவற்றைக் கவனிக்க வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆளே கிடையாது. அதனாலேயே கவனம் இங்கேதான் அதிகம் வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது: பழைய கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி வரும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து. உண்மை. கைக்கு எட்டும் உயரத்தில், கதவின் கீழ்ப் பாதியில் பழைய கண்ணாடி இருந்தால் அங்கே மட்டும் டஃபன்டு கண்ணாடி போடுவதில் தவறே இல்லை. குழந்தையின் மணிக்கட்டைவிட எந்தப் பூவும் பெரிதில்லை. ஆனால் ஆறடி உயரத்தில் இருக்கும் சதுரத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது. உயரத்தில் இருப்பதை நன்றாக மக்கு வைத்து இறுக்கினாலே போதும்.

மாட்டும் வேலையில் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. ஈரத்துணி வைத்து நனைத்துச் சுரண்ட வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. கண்ணாடியை வழவழப்பான பக்கத்தில்தான் கீற வேண்டும், பூப் பக்கத்தில் கீறினால் கோணலாகப் போகும். நாலு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அறுத்தால் மழையில் மரம் ஊதும்போது கண்ணாடி நெறியாது. காடியில் முதலில் மெல்லிய மக்கு மெத்தை, அதன் மேல் கண்ணாடி, பிறகு சின்ன ஆணி, பிறகு வெளி மக்கு. சுண்ணத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த பழைய மக்குதான் நல்லது. சிலிகான் வைத்தால் அடுத்த முறை கழற்ற முடியாது, அடுத்த கிரிக்கெட் பந்து வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது :-) வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால் தர்மபுரிப் புழுதியைத் துடைக்கச் சுலபம். ஆனால் மற்ற மூன்றும் எப்படி இருக்கின்றனவோ அதைப் பார்த்துத்தான் நான்காவதும். பூவின் திசையும் அப்படித்தான். கோடு கோடான டிசைனைக் குறுக்கே மாட்டிவிட்டு 'மேட்ச் ஆகலை' என்று புலம்புகிறவர்கள் உண்டு!

இவ்வளவு செய்தும் புதிதாக வந்தது கொஞ்சம் வேறாகத் தெரியலாம். தெரியட்டும். நான்கில் ஒன்று வேறாக இருந்தால் 'இங்கே ஒரு நாள் ஒன்று உடைந்தது' என்று தெரியும், அவ்வளவுதான். உறுத்துகிறது என்றால் அந்த ஒன்றை மேல் மூலைக்கு மாற்றிவிடலாம்.

பேரன் கடையிலிருந்து திரும்பி வந்து, பின்கட்டு வென்டிலேட்டருக்கு ஏணி போடுகிறான். பாட்டி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உடைந்த சில்லில் பெரிய துண்டு ஒன்று பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏறிவிட்டது. பென்சில் தாள் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.